பிள்ளைகள் வார்ட்டுக்கு ஒரு திமிங்கிலம்: திருகோணமலையில் செய்யலாமா?

கோணமலையான்

வணக்கம். கணினி, ஓவியம், மருத்துவம், தாதிமை, எதில் இருந்தாலும் சரி, திருகோணமலையில் உள்ளவர்கள் இதில் வந்து பேசவேண்டும் என்று கேட்டுத்தான் இழையைத் தொடங்குகிறேன். ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் வார்ட்டில், பிள்ளையின் அசைவுக்குப் பதில் சொல்லும் ஒளிப்படம் ஒன்றைச் செய்யலாமா என்பதுதான் பேச்சு. வார்ட்டில் பிள்ளையோடு இருந்த அம்மா அப்பாமாரும் கட்டாயம் வாருங்கள்.

லண்டனில் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் என்ற சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிள்ளையைக் கொண்டுபோகும் நடைபாதையில் 2012இல் ஜேசன் புரூஜஸ் என்ற கலைஞரின் கூடம் ஒரு சுவரைச் செய்துகொடுத்தது. பார்வைக்குக் காடு அச்சடித்த சுவர்த்தாள்தான். அதற்குப் பின்னால் 70 எல்.இ.டி. பலகைகள், மொத்தம் 72,000 விளக்குப் புள்ளிகள். பிள்ளை கிட்ட வந்தால் மரங்களுக்கு இடையில் வெளிச்சத்தாலான ஒரு மான் தலைதூக்கும், குதிரை நடக்கும், முள்ளெலி ஓடும். பலகைகளை வெவ்வேறு உயரத்தில் பதித்திருக்கிறார்கள். நடந்து வருகிற பிள்ளைக்கும் தள்ளுகட்டிலில் படுத்தபடி வருகிற பிள்ளைக்கும் தன் கண்மட்டத்தில் ஏதோ ஒரு விலங்கு கிடைக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இந்த உயரக் கணக்குத்தான். யாரோ ஒருவர் அந்தப் பாதையில் படுத்துப் பார்த்துத்தான் இதை யோசித்திருக்கவேண்டும்.

நாங்கள் 72,000 விளக்கு வாங்கப் போவதில்லை. ஒரு பழைய புரொஜெக்டர், ஒரு லப்டொப், ஒரு வெப்கமரா போதும். கமரா முன்னால் கை அசைவதைக் கண்டுபிடிக்கும் மீடியாபைப் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கும் ஸ்கிராட்ச் என்ற எளிய நிரல்மொழியிலேயே கமரா அசைவைப் பிடிக்கும் பகுதி உண்டு. பிரெட்றிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் எங்கள் பிள்ளைகள் நேரில் பார்த்த அதே புள்ளிமான்களை வார்ட்டுச் சுவரில் நடக்கவிட்டால் என்ன? யாருக்கு என்ன தெரியும், யார் வருவீர்கள்?

வார்ட்டு_மிஸ்

தம்பி, நல்ல யோசனை. நான் கனகாலம் பிள்ளைகள் வார்ட்டில வேலை செய்தனான். எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லேல்ல, அது முக்கியமுமில்லை. ஒரு விசயத்தை மட்டும் முதல்லயே சொல்லிப்போட்டுப் போறன்.

பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு கட்டில்ல இருக்கிற நேரம் எங்களுக்குக் கஷ்டமான நேரம் இல்லை. பக்கத்தில அம்மா இருப்பா, பக்கத்துக் கட்டில் பிள்ளையோட கூட்டுச் சேர்ந்துடும். கஷ்டம் முழுக்க அந்தச் சின்ன அறையிலதான், கனுலா, அதுதான் நரம்புக்குள்ள விடுற மெல்லிய குழாய், அதைப் போடுற மேசையில. அந்த வாசலைக் கண்டவுடனேயே அழத்தொடங்கிற பிள்ளைகள் இருக்கு. டெங்குப் பிள்ளை எண்டால் ஒரு நாளைக்குள்ளயே திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கவேணும், பிளேட்லெட் பார்க்கவேணும். நரம்பு கிடைக்காட்டில் மற்றக் கை. அதுவும் இல்லாட்டில் கால். ஒருத்தர் காலைப் பிடிப்பா, ஒருத்தர் தோளைப் பிடிப்பா, அம்மாவை வெளியில நிக்கச் சொல்லுவினம். பிள்ளைக்கு ஊசியை விட அந்தப் பிடிதான் பயம். இதை நான் எத்தினையோ பிள்ளைகளின்ர கண்ணில கண்டிருக்கிறன்.

அந்த மேசைக்கு நீங்கள் ஏதாவது செய்து தந்தால் உங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனா யோசியுங்கோ, அந்த நேரம் பிள்ளையின்ர கை எங்களிட்ட இருக்கு. கையை அசைச்சால் மான் ஓடும் எண்டு சொல்லி, கையை நாங்கள் அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் பிள்ளை என்ன செய்யும்?

கிண்ணியா_உம்மா

மிஸ் சொன்னது நூத்துக்கு நூறு சரி. 2017 மார்ச்சில கிண்ணியாவில டெங்கு வந்த நேரம் எண்ட மகனும் படுத்தான். கட்டில் காணாம புள்ளைகள் நிறைஞ்சு போயிருந்த காலம். வலைக்குள்ள வெச்சிருந்தாங்க. காய்ச்சல் உள்ள புள்ளைய நுளம்பு கடிச்சா அது மத்தாக்களுக்கும் பரவும்தானே. அதால ராவும் பகலும் வலைக்குள்ளதான். வெளிய எறங்க ஏலாது. நான் போனில கார்ட்டூன் போட்டுக் குடுத்தன். ஊசி வாற வரைக்கும் நல்லாப் பார்த்தான். மிஸ் ட்ரேயோட வந்ததும் போனைத் தூக்கி எறிஞ்சான்.

போன் இருந்தா காணும், இதெல்லாம் எதுக்கு எண்டு நெனைக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறன். போன் நேரத்தைப் போக்குது. பயம் வந்தா அது நிக்காது.

வலைக்குள்ள இருக்கிற புள்ளைக்கு ஏதாவது செய்ய ஏலுமா நானா? சுவரு அந்தப் புள்ளைக்குத் தூரம்.

மூதூர்க்காரன்

மனதில் பட்டதை எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். மூதூரில் இருந்து வருத்தக்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரவுனுக்கு வருகிறவர்கள் பஸ் காசுக்கே கடன்படுகிறார்கள். சில மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுக்கிற காலம் இது. அப்படியிருக்கச் சுவரில் மான் ஓடவிட்டு என்ன பயன்? அந்தக் காசுக்கு விசிறி வாங்கிப் போடலாம், கட்டில் விரிப்பு வாங்கலாம். பிள்ளைகளின் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறேன்.

மருத்துவர்_ஒருவர்

மூதூர்க்காரன் அண்ணாவின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மருந்துக்கு ஒதுக்கிய ஒரு சதமும் இதற்குப் போகக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் வலியும் பயமும் மருத்துவத்துக்கு வெளியே உள்ள சங்கதிகள் அல்ல. பயந்து திமிறுகிற பிள்ளைக்கு ஊசி முதல் தடவையில் ஏறாது, பல இடத்தில் குத்தவேண்டி வரும். அடுத்த தடவை அந்தப் பிள்ளை இன்னும் கூடப் பயத்தோடு வரும். வளர்ந்த பிறகும் கிளினிக் பக்கம் வராமல் ஒளிக்கும் ஆட்களை நான் பார்க்கிறேன். கேட்டால் சின்ன வயதில் அமத்திப் பிடித்து ஊசி போட்ட கதையைத்தான் சொல்கிறார்கள்.

1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் வலியைப் பற்றி ஒரு கோட்பாடு சொன்னார்கள். அடிபட்ட இடத்திலிருந்து செய்தி மூளைக்குப் போகும் வழியில், முண்ணாணில், ஒரு வாயில் உண்டு. மூளையிலிருந்து கீழே இறங்கும் செய்திகளும் அந்த வாயிலைத் திறக்கும், சாத்தும். பயம் திறக்கும். வேறொன்றில் ஆழ்ந்த கவனம் சாத்தும். விவரங்கள் பின்னாளில் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிற்கிறது.

இதை வைத்து அமெரிக்காவின் சியாட்டிலில் ஹண்டர் ஹொஃப்மன், டேவிட் பாட்டர்சன் இருவரும் தீக்காய நோயாளிகளுக்காக ஒரு மெய்நிகர் பனி உலகைச் செய்தார்கள். காயத்தைக் கழுவிக் கட்டும் நேரம் நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் பறந்து பென்குயின்களுக்கும் பனிமனிதர்களுக்கும் பனியுருண்டை எறிவார். 2004இல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தபோது, அந்த உலகுக்குள் இருக்கையில் வலி சார்ந்த பகுதிகளின் செயற்பாடு குறைந்திருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பிள்ளைகளின் வலிக்கு மெய்நிகர் காட்சி எவ்வளவு உதவுகிறது என்று 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), சான்று இன்னும் உறுதியாக இல்லை என்றுதான் முடிவு சொன்னது. ஆகவே இதை மருந்து என்று யாரும் விற்க வேண்டாம். ஊசிக்கு முன் மரக்கச்செய்யும் களிம்பு பூச வசதி இருந்தால் அதைப் பூசுங்கள். அது வேலை செய்ய ஒரு மணித்தியாலம் வேண்டும், முன்கூட்டியே யோசிக்கவேண்டும். பிள்ளையை மல்லாத்திப் போட்டு அமத்தாமல் அம்மாவின் மடியில், நெஞ்சோடு நெஞ்சு அணைத்தபடி இருத்திக் கையை மட்டும் நீட்டி எடுங்கள். இதற்குச் செலவே இல்லை. இவற்றோடு சேர்ந்துதான் திரையும் புரொஜெக்டரும்.

வார்ட்டு_மிஸ்

டொக்டர், மடியில இருத்திற கதையைப் பெரிய எழுத்தில போடுங்கோ. நான் செய்து பார்த்தனான். அம்மா வெளியில நிண்டு அழுறதும் நிக்கும்.

உவர்மலை_ஓவியை

இரவு முழுக்க இந்த இழை தலைக்குள் ஓடியது. மிஸ் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: கை இல்லாவிட்டால் மூச்சு.

சிறுவர் வார்ட்டுகளில் ஊசி நேரம் பிள்ளையைச் சோப்புக் குமிழி ஊதவைப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். ஊதினால் வெளிமூச்சு நீளும், தசைகள் தளரும், கவனமும் அங்கே போகும். குமிழிக்குப் பதிலாக எங்கள் கடலை வைப்போம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலம் வருகிறது. உலகத்தில் இதுவரை வாழ்ந்த விலங்குகளிலேயே பெரியது எங்கள் ஊர்க் கரையில் நின்று பார்க்கும் தூரத்தில் மூச்சுவிடுகிறது! கூரையில் நீலக்கடல். திமிங்கிலம் மெல்லப் போகிறது. பிள்ளை ஊதினால் அது மேலே வந்து தண்ணீர்த்தூண் எழும்ப மூச்சுவிடும். பிள்ளை நீளமாக ஊதினால் தூண் உயரமாக எழும். விட்டுவிட்டால் திமிங்கிலம் மறுபடி ஆழத்துக்குப் போகும். அவ்வளவுதான். புள்ளி இல்லை, வெற்றி தோல்வி இல்லை, பின்னணிப் பாட்டும் இல்லை.

முழுத் திமிங்கிலத்தையும் காட்டவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தச் சின்ன அறைக் கூரைக்கு அது அடங்காது. ஒரு கண் வரும், பிறகு துடுப்பு வரும், பிறகு முதுகு வந்துகொண்டே இருக்கும். எவ்வளவு பெரிய சீவன் தன் மூச்சுக்கு மேலே வருகிறது என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும்.

இன்னொன்று. கணினியே இல்லாமலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஜி.ஈ. நிறுவனத்தில் ஸ்கேன் இயந்திரம் வடிவமைத்த டக் டீட்ஸ், தான் செய்த இயந்திரத்தைக் கண்டு ஒரு சிறுமி அழுததைப் பார்த்தார். பிறகு பிட்ஸ்பர்க் சிறுவர் மருத்துவமனையில் அறை முழுக்க வண்ணம் பூசி ஸ்கேனரைக் கடற்கொள்ளையர் கப்பலாக்கினார். உள்ளே அசையாமல் படுத்திருப்பதே கதையின் பகுதியாகிவிட்டது. மட்டக்களப்பில் 1996 முதல் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போர் தொட்ட பிள்ளைகளோடு களிமண்ணும் வர்ணமும் கதையும் வைத்துச் செய்ததும் இந்தக் குடும்பத்து வேலைதான். கருவி பிறகு வரட்டும். பிள்ளைக்கு அந்த இடத்தில் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதை முதலில் தீர்மானிப்போம்.

கோணமலையான்

அக்கா, மான் போகட்டும், திமிங்கிலமே வரட்டும்.

தொழில்நுட்பப் பக்கம் இது கமராவை விடச் சுலபம். ஒரு சின்ன மைக்கைக் கட்டில் தலைமாட்டுக்கு மேலே தொங்கவிட்டால் போதும். பிள்ளை எதையும் வாயில் வைக்கவோ தொடவோ வேண்டாம் என்பதால் கிருமி பரவும் பயமும் குறைவு. தொடுதிரை என்றால் ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துடைக்கவேண்டும். கமரா இல்லை என்பதால் பிள்ளையின் முகம் எங்கும் பதியாது. ஒலியையும் சேமிக்கத் தேவையில்லை, வந்த கணத்தில் அளந்துவிட்டு விட்டுவிடலாம். இணையத் தொடர்பும் வேண்டாம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த அறையில் பெரும்பாலும் கேட்கப்போவது ஊதும் சத்தம் அல்ல, அழுகை. மைக்குக்கு இரண்டும் சத்தம்தான். பிரிக்க வழி உண்டு. அழுகையில் குரலின் சுருதி இருக்கும், ஊதுவது வெறும் காற்றிரைச்சல். ஒலியின் அலைவரிசைகளைப் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அழுகையை ஒதுக்கிவிட்டு ஊதலை மட்டும் எடுக்கும்படி எழுதிவிடவா?

கிண்ணியா_உம்மா

அழுற புள்ளைய ஒதுக்கிறதா நானா? வேணாம். அழுதா மீனுக்கும் கேக்கட்டுமே.

மருத்துவர்_ஒருவர்

உம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓர் ஆபத்தும் தெரிகிறது. அழுதால் தண்ணீர்த்தூண் எழும்புமென்றால் கத்தக் கத்தக் காட்சி பெரிதாகும். பிள்ளை இன்னும் பதறிப்போகலாம்.

வார்ட்டு_மிஸ்

அழாதே எண்டு சொல்ற ஒண்டையும் அந்த அறைக்குள்ள கொண்டுவராதேங்கோ. நாங்கள் சொல்றதே காணும். "அழாட்டில்தான் திமிங்கிலம் வரும்" எண்டு ஆரோ ஒருத்தர் கட்டாயம் சொல்லுவினம், அதோட எல்லாம் போச்சு. அது தண்டனையாய் மாறிடும்.

உவர்மலை_ஓவியை

அப்படியென்றால் இரண்டுக்கும் இரண்டு பதில் வைப்போம். அழுதால் திமிங்கிலம் கிட்ட வந்து பக்கத்தில் நிற்கும். மெல்ல, சத்தமில்லாமல், கண் பிள்ளையைப் பார்த்தபடி. கடல் கொஞ்சம் இருளும், அலை அடங்கும். பிள்ளை எவ்வளவு நேரம் அழுதாலும் அது விட்டுப் போகாது. ஊதினால் மட்டும் மேலே எழும்பும். அழுகைக்கு அது துணை, மூச்சுக்கு அது வேலை. வரையக் கஷ்டமில்லை.

மருத்துவர்_ஒருவர்

இதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னும் சில விதிகள். பளிச் பளிச் என்று வெட்டும் வெளிச்சம் கூடாது. ஒரு செக்கனுக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் காட்சி வலிப்புள்ள சில பிள்ளைகளுக்குப் பிரச்சினை தரும். கடும் சிவப்பைத் தவிருங்கள். புரொஜெக்டர் ஒளி எந்தக் கோணத்திலும் பிள்ளையின் கண்ணில் நேரே விழக்கூடாது, தலைப்பக்கத்துக்குப் பின்னாலிருந்து கூரையை நோக்கி அடிக்கட்டும். இரத்தம் எடுப்பவருக்கு நரம்பு தெரியும் அளவு வெளிச்சம் வேண்டும், ஆகவே கையின் மேல் தனி விளக்கு இருக்கவேண்டும். கைக்குழந்தைகளுக்கு இது பொருந்தாது, அவர்களுக்குத் தாய்ப்பாலும் அணைப்பும்தான். யாராவது பார்க்கவேண்டாம் என்றால் உடனே நிறுத்த ஒரு பொத்தான் வையுங்கள். சில பிள்ளைகள் ஊசியை உற்றுப் பார்த்தபடி இருந்தால்தான் அமைதியாக இருப்பார்கள். அந்தப் பிள்ளையின் கவனத்தைப் பிடித்து இழுக்கக்கூடாது.

மூதூர்க்காரன்

கூரையில் அடிப்பது என்றால் கட்டிலிலும் செய்யலாமே. கிண்ணியா ராத்தா கேட்ட வலைக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெள்ளை நுளம்பு வலை மேல் ஒளி அடித்தால் படம் பாதி வலையில் நிற்கும், பாதி அதைத் தாண்டிக் கூரையில் விழும். எங்கள் பக்கம் கோயில் திருவிழாவில் மெல்லிய சீலையில் படம் காட்டும்போது பார்த்திருக்கிறேன், ஆழம் இருப்பது போலத் தெரியும். கடலுக்கு அது பொருந்தும்.

முதலில் எழுதியதை நான் மாற்றவில்லை. ஆஸ்பத்திரிக் காசு வேண்டாம். ஆனால் எங்கள் சனசமூக நிலையத்தில் கூட்டங்களுக்கு வாங்கிய புரொஜெக்டர் ஒன்று அலுமாரிக்குள் கிடக்கிறது. நிர்வாகத்தில் கேட்டு வாங்கித் தருவது என் பொறுப்பு.

கோணமலையான்

அண்ணா, வலை யோசனைக்கு மிக்க நன்றி. டெங்குப் பிள்ளைக்கு அதிலேயே இன்னொன்றும் செய்யலாம். குடித்த அளவையும் போன சிறுநீரின் அளவையும் தாளில் குறிக்கிறார்கள்தானே. பிள்ளை ஒரு கோப்பை ஜீவனியோ (உப்பும் சீனியும் கலந்த கரைசல்) இளநீரோ குடித்து முடித்ததும் அம்மா ஒரு பொத்தானை அழுத்தினால் வலைக்குள் ஒரு மீன் கூடும். மாலையில் புறாத்தீவுப் பவளப்பாறையில் உள்ளதுபோல ஒரு கூட்டமே சுற்றும். குடி குடி என்று சொல்லிக் களைத்துப்போன அம்மாக்களுக்கும் அது உதவி.

வார்ட்டு_மிஸ்

அளவுத் தாள் தனியத்தான் எழுதவேணும், மீனை எண்ணிக் கணக்குப் பார்க்கக்கூடாது. டெங்கில சில கட்டத்தில குடிக்கிறதையும் கட்டுப்படுத்துவினம், கூடினாலும் ஆபத்து. அதால மீன் கூட்டுற பொத்தான் வேலை செய்யிறதோ இல்லையோ எண்டு நாங்கள் தீர்மானிக்கிற மாதிரி இருக்கவேணும். அது சரியெண்டால் எனக்கு விருப்பம்.

மாதாமாதம் இரத்தம் ஏத்த வாற பிள்ளைகளையும் மறக்கவேண்டாம். தலசீமியா எண்ட பரம்பரை இரத்த வருத்தம் உள்ள பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் மணித்தியாலக் கணக்கில இருக்கவேணும், வாழ்நாள் முழுக்க வரவேணும். அவைக்கு உங்கட திமிங்கிலம் ரெண்டாம் மாதமே பழசாகிடும்.

உவர்மலை_ஓவியை

அந்தப் பிள்ளைகளுக்குக் காட்டுவது போதாது, அவர்களே செய்யவேண்டும். ஜப்பானின் டீம்லாப் குழு 2013இல் செய்த மீன்தொட்டி இருக்கிறது. பிள்ளை தாளில் மீனுக்கு நிறம் தீட்டும், தாளை ஸ்கேன் செய்ததும் அந்த மீன் பெரிய சுவர்க்கடலில் மற்றப் பிள்ளைகளின் மீன்களோடு நீந்தும். இங்கே ஒரு மாற்றம் செய்யலாம். போன மாதம் வரைந்த மீன் இந்த மாதம் வரும்போது கொஞ்சம் வளர்ந்திருக்கும். பெயர் எழுதவேண்டாம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன அடையாளக் குறி இருந்தால் போதும். மீனைப் பார்க்கவாவது அந்தப் பிள்ளை வாசலைத் தாண்டி உள்ளே வரும்.

மீனுக்கும் திமிங்கிலத்துக்கும் பேச்சு வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். எங்கள் வார்ட்டுகளில் ஒரே வரிசையில் தமிழ் பேசும் பிள்ளையும் சிங்களம் பேசும் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள். யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒன்று அந்த அறையில் இருக்கட்டும்.

கோணமலையான்

சரி, இப்படித் தொடங்குவோம். முதலில் மூச்சுத் திமிங்கிலம் மட்டும், ஊசி அறைக்கு மட்டும். வலையும் மீன்தொட்டியும் அது ஓடிய பிறகு. வைத்தியசாலைப் பணிப்பாளருக்கும் பிள்ளைகள் வைத்தியருக்கும் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்காமல் ஒரு வயரைக்கூட உள்ளே கொண்டுபோகக்கூடாது. டொக்டர், விண்ணப்பத்தை நீங்கள் பார்த்துத் திருத்தித் தரமுடியுமா? அனுமதி கிடைத்ததும் பிள்ளைகள் இல்லாத ஒரு நேரத்தில் மிஸ் வந்து அந்த மேசையில் படுத்துப் பார்த்துச் சொல்லவேண்டும்: கண் கூசுகிறதா, புரொஜெக்டர் விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறதா, வயர் யாருடைய காலிலும் தட்டுமா என்று. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கவேண்டும். ஊசி பாதியில் இருக்கத் திமிங்கிலம் காணாமல் போகக்கூடாது. லப்டொப்புக்குச் சொந்த பற்றரி உண்டு, புரொஜெக்டருக்கு ஒரு யூ.பி.எஸ். தேவை.

மருத்துவர்_ஒருவர்

விண்ணப்பத்தை அனுப்புங்கள், பார்க்கிறேன். இது நடக்கும்போது பிள்ளையின் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கவேண்டும் என்பதையும் அதில் எழுதுங்கள். அம்மாவோ அப்பாவோ கூட இருந்து "இப்ப ஊது, பார் வருது" என்று சொல்லவேண்டும். பொத்தானை அழுத்திவிட்டு எல்லாரும் ஊசியைப் பார்த்தால் திமிங்கிலத்தால் ஒன்றும் ஆகாது.

வார்ட்டு_மிஸ்

நான் வாறன். படுத்தும் பார்க்கிறன், ஊதியும் பார்க்கிறன்.

கிண்ணியா_உம்மா

எண்ட மகன் இப்ப ஓ.எல். படிக்கிறான். இந்த இழையக் காட்டினன். அவனுக்கு ஸ்கிராட்ச் தெரியும், மைக் சத்தத்தை வெச்சுப் படத்தை அசைக்கிறது தனக்குச் செய்ய ஏலும் எண்டான். சனிக்கிழமை ரவுனுக்கு அனுப்பவா நானா? அழுகைக்கும் ஊதலுக்கும் வித்தியாசம் பார்க்கச் சத்தம் பதியவேணுமாம், வீட்டில சின்னவள் இருக்காள், அவளை ஊதச் சொல்லிப் பதிஞ்சு கொண்டு வாறானாம்.

கோணமலையான்

அனுப்புங்கள் ராத்தா. அழுகையை யாரையும் அழவைத்துப் பதியவேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் சொல்லுங்கள், அதை நான் குரலில் செய்து தருகிறேன். அக்கா, திமிங்கிலக் கண்ணின் முதல் கீறலைச் சனிக்கிழமைக்குள் போடுவீர்களா?